உப்பு கொஞ்சம் கம்மி

அயனாவரத்தில் எனக்குப் பதினோரு வருஷம் ஆகிறது.
அதனால் சொல்கிறேன், கேட்டால் கேளுங்கள்:
சிக்னல் பக்கத்து ராகவ விலாஸில்
பொங்கலை ஏழரைக்குள் சாப்பிட்டுவிட வேண்டும்.
எட்டுக்கு மேல் அது சிமெண்ட்.
சாம்பாரை இரண்டாவது தடவை கேட்காதீர்கள்,
இரண்டாவது வாளி வேறு வாளி.
வடை பரவாயில்லை.
காபியைப் பற்றி நான் பேசுவதாக இல்லை.

எதிர்சாரிப் புது ஹோட்டலில்
தோசையைக் கூம்பாக நிற்க வைத்து
மூன்று கிண்ணத்தில் மூன்று நிறச் சட்னி.
கண்ணை மூடிக்கொண்டு எது எதுவென்று சொல்கிறேன் என
பந்தயம் கட்டித் தோற்றேன்.
ஏசியை மட்டும் குறை சொல்ல முடியாது.
மே மாதம் ஒரே ஒரு தயிர்வடைக்கு
முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருக்கிறேன்.

கீழ்வீட்டு ஜெசிந்தாவுக்கு அந்த ஹோட்டல்தான் உசத்தி.
மோட்டார் போட்டுவிட்டு மொட்டை மாடியில் நின்று
இரண்டு வருஷமாக வாதாடுகிறோம்.
டேங்க் நிறைந்து வழியும்.
முடிவு வராது.

ராத்திரிக்கு என்றால் பாய் கடை.
சால்னா மட்டும் பத்து ரூபாய்க்கு வாங்கி வந்து
வீட்டுத் தோசைக்குத் தொட்டுக்கொள்ளலாம்.
பரோட்டா வாங்கவில்லையே என்று
அவர் முகம் சுளிப்பதில்லை. பெரிய மனசு.

மதியத்துக்குக் கோமளா மெஸ்.
பெயர்தான் கோமளா. கல்லாவில் வரதன்,
சிரித்து நான் பார்த்ததில்லை.
புதன்கிழமை வத்தக்குழம்பு.
அதற்காக மற்ற ஆறு நாளையும் மன்னிக்கலாம்.
ஆனால் பொரியல்,
பீன்ஸோ கோஸோ அவரையோ,
எல்லாவற்றுக்கும் ஒரே சோடா உப்பு;
காய் தன் பெயரை மறக்கும்வரை வேகும்.
தணிகாசலம் கரண்டியை நீட்டும்போதே
"என்ன காய்?" என்பேன்.
"பச்சைக் காய்" என்பார்.
நேர்மையான மனுஷர்.

வீட்டில் நான் செய்வது பெரிய சமையல் இல்லை.
சௌசௌ.
கத்தரிக்காய்க்கு வீட்டுக்கு வீடு கட்சி உண்டு,
பாகற்காய்க்குப் பகையாளிகள் உண்டு,
சௌசௌவைப் பற்றி
யாரும் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை.
தோல் சீவினால் பிசின் பிடித்து
விரல் வேறு யாருடையதோ போல் இருக்கும்.
கடுகு, உளுத்தம்பருப்பு, கிள்ளிய மிளகாய்,
தண்ணீர் தெளித்து ஒரு மூடி.
சீரியலில் யார் அழுகிறார்கள் என்று
எட்டிப் பார்த்து வருவதற்குள் வெந்துவிடும்.
தேங்காய் இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.
தட்டில் அது சும்மா இருக்கும்.
எனக்கு அந்தச் சும்மாதான் பிடிக்கும்.

போன மாதம் ஒரு புதன்கிழமை
வத்தக்குழம்போடு சேர்த்துக்கொள்ள
பையிலிருந்து டப்பாவை எடுத்து
இலை ஓரத்தில் கொஞ்சம் கவிழ்த்துக்கொண்டேன்.
வரதன் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன்.
தணிகாசலம் பார்த்துவிட்டார்.
வாளியைக் கீழே வைத்து, குனிந்து,
ரகசியம் மாதிரி கேட்டார்:
"என்ன காய்?"

மீதியை டப்பாவோடு கொடுத்துவிட்டு வந்தேன்.
மூன்றரைக்குக் கூட்டம் ஓய்ந்த பிறகுதான்
அவர்கள் சாப்பிடுவார்களாம்,
குழம்பின் அடியும் ரசத்தின் தெளிவும்.
அன்று ஆபீஸில்
கூட்டல் இரண்டு முறை தப்பியது.
ஊருக்கெல்லாம் மார்க் போட்டவள்
பரீட்சை எழுதிவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

வியாழக்கிழமை டப்பா திரும்பி வந்தது,
கழுவி, துடைத்து, மூடி பொருத்தி.
"நல்லா இருந்துச்சும்மா" என்றார்.
அடுத்த இலைக்கு நகர்ந்தார், சாதம் போட்டார்,
நாலு பேரைத் தாண்டியவர்
மனசு கேட்காமல் திரும்பி வந்து
சொல்லியேவிட்டார்:
"உப்பு கொஞ்சம் கம்மி."

ஜெசிந்தாவிடம் சொல்லவில்லை.
சொன்னால் பத்து டேங்குக்கு
அவளுக்கு அது போதும்.
கொன்னூர் ஹைரோட்டில்
பஸ்ஸுக்கும் பள்ளத்துக்கும் ஒதுங்கி நடந்தபடி
யோசித்துப் பார்த்தேன்.
கம்மிதான்.
ஆனால் ரொம்ப இல்லை.